ஸ்கோப் தரும் பொறுப்பு
அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் புதிதாக வருபவர் கையில் அடங்கும்படி சாவேஜ் ஆக்சிஸ் எக்ஸ்பி காம்பாக்ட் போன்ற துப்பாக்கிகள் வருகின்றன: 20 அங்குலக் குழல், தோளில் பதியும் குட்டையான கட்டை, ஆலையிலேயே பொருத்திய ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கி, கட்டுப்படியாகும் விலை. கொல்வதை இத்தனை எளிதாக்குவது அறமா? கொல்லாமையை நோன்பாகக் கொண்டவருக்கு இந்தக் கேள்வியே எழாது. வேட்டையை ஏற்றுக்கொண்ட ஸ்பானிய மெய்யியலாளர் ஒர்தேகா இ கசெத்தோ, மனிதன் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்போதுதான் அது வேட்டை என்று 1940-களில் வாதிட்டார். அந்தக் கணக்கில் ஸ்கோப் ஓர் அநியாயம். நான் அப்படி நினைக்கவில்லை. குறி தவறிய குண்டு மானின் குடலைக் கிழித்து, புதருக்குள் மணிக்கணக்கில் துடிக்க விடுகிறது. முன்னங்காலுக்குப் பின்னுள்ள நெஞ்சுப் பகுதியைத் தெளிவாகக் காட்டும் கண்ணாடி அந்த வேதனையைத் தவிர்க்க உதவுகிறது. அதே கண்ணாடியை நம்பித் தன் திறமைக்கு எட்டாத தூரத்தில் சுடும்போதுதான் அறம் பிசகுகிறது.

மலிவான கருவியே பொறுப்பின்மை என்பார்கள். விலையில் குற்றமில்லை. ஆனால் ஆலையில் பொருத்திய குறி தோராயமானது. 100 கெஜத்தில் காகிதத்தைச் சுட்டுப் பார்த்து, ஸ்கோப்பின் திருகுகளைத் திருத்தியாக வேண்டும். விலையில் மிச்சமான பணம் இப்படிச் சுட்டுப் பார்க்கும் தோட்டாக்களுக்கே போகட்டும். அதற்கு மனமில்லாதவர் எந்த விலையிலும் துப்பாக்கி வாங்கக் கூடாது.