முடிவிலியும் முழுமுதற் பொருளும்



சில காலத்திற்கு முன் தில்லியில் நடைபெற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்சங்கத்தில், இறைவன் அனந்தன், ஆதியும் அந்தமும் அற்றவன், எண்ணிக்கைக்குள் அடங்காதவன் என்று அடியேன் பேசி அமர்ந்தேன். பிரசாதம் வழங்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், கல்லூரியில் கணிதம் பயிலும் ஒரு தமிழ் மாணவி அருகில் வந்து கைகூப்பி நின்றாள்.

"ஐயா, எனக்கு ஓர் ஐயம். கணிதத்தில் முடிவிலி என்பது ஒன்றே ஒன்று அல்ல. எந்த முடிவிலியை எடுத்துக்கொண்டாலும் அதனினும் பெரிய முடிவிலி உண்டு என்று நிரூபித்திருக்கிறார்கள். தாங்கள் இறைவனை முடிவிலி என்கிறீர்கள். அவன் எந்த முடிவிலி? அப்படியானால் அவனைவிடப் பெரியதும் ஒன்று இருக்க வேண்டுமே?"

அடியேன் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மா, இவையெல்லாம் அறிவுக்கு எட்டாதவை. நம்பிக்கையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்றேன். "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அந்தச் "சரி"யில் நிறைவு இல்லை என்பது அப்போதே தெரிந்தது. விடை தெரியாத இடத்தில் நம்பிக்கையைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்தவன் அடியேன்தான். கேள்வியில் குற்றம் எதுவும் இல்லை. அவள் அதற்குப் பிறகு வரவில்லை. அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்ல முயல்கிறேன்.

முதலில், முடிவிலி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்பதைப் பார்ப்போம்.

தில்லியில் நாடாளுமன்ற வீதிக்கு அருகே ஜந்தர் மந்தர் இருக்கிறது. இன்று பலருக்கும் அது ஆர்ப்பாட்டங்கள் நடக்கும் இடமாகவே தெரியும். ஆம்பர் மன்னர் சவாய் ஜெய்சிங் 1724-ஆம் ஆண்டில் எழுப்பிய வானாய்வுக்கூடம் அது. அங்குள்ள சாம்ராட் யந்திரம் சுமார் 70 அடி உயரமுள்ள ஒரு சூரியக் கடிகாரம். அதன் சாய்ந்த சுவர் பூமியின் அச்சுக்கு இணையாக வடதுருவத்தை நோக்கி எழும்புகிறது. அதன் நிழல் வளைவின்மீது நகர, அதைக் கொண்டு நேரம் அறியலாம். கருவி பெரிதானால் அதன் கோடுகளுக்கு இடையே இன்னும் நுண்ணிய கோடுகளை வரையலாம், அளவு துல்லியமாகும் என்பது மன்னரின் எண்ணம். எண்ணம் சரியானதே. ஆயினும் ஓர் எல்லை வந்து குறுக்கே நிற்கிறது. சூரியன் புள்ளி அல்ல, வட்டம். வானில் ஏறத்தாழ அரைப்பாகை அகலம் கொண்டது. ஆகவே நிழலின் விளிம்பு கூர்மையான கோடாக விழுவதில்லை. ஏறத்தாழ 2 நிமிட நேரத்தின் அளவுக்கு அது மங்கிக் கலங்கி நிற்கிறது. கருவியை இன்னும் பத்து மடங்கு பெரிதாகக் கட்டினாலும் அந்தக் கலக்கமும் பத்து மடங்கு அகலமாகும்.

அடியேன் ஒரு காலையில் அங்கு சென்று, வெயில் ஏறும்வரை அந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அளத்தல் என்ற செயலே எல்லைக்கு உட்பட்டது. எந்தக் கருவியும், "இதோ முடிவற்றது" என்று எந்நாளும் எழுதிக் காட்டாது. மிகப் பெரிய எண் ஒன்றைக் காட்டும், அல்லது "இதற்குமேல் என்னால் இயலாது" என்று நின்றுவிடும். மிகப் பெரியதும் முடிவற்றதும் ஒன்றல்ல. கோடி கோடியும் ஒன்றைப் போலவே முடிவுள்ள எண்தான்.

அப்படியானால் முடிவிலி எங்கே இருக்கிறது? கணிதத்தில் இருக்கிறது, மிகத் தெளிவாகவே இருக்கிறது. இதில் நம் நாட்டு முன்னோர் காட்டிய துணிவு வியப்புக்குரியது. சமண அறிஞர்கள் எண்களை எண்ணத்தக்கவை, எண்ணற்கரியவை, முடிவற்றவை என்று பிரித்தார்கள். முடிவற்றதையும் அவர்கள் ஒரே குவியலாக விட்டுவிடவில்லை. ஒரு திசையில் முடிவற்றது, இரு திசையில் முடிவற்றது, பரப்பில் முடிவற்றது, எங்கும் முடிவற்றது, என்றென்றும் முடிவற்றது என வகைப்படுத்தினார்கள். முடிவிலிகள் பலவாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தின் வித்து அங்கேயே இருக்கிறது.

14-ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவர், ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இப்படியே முடிவின்றிச் சென்றால் வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தில் நான்கில் ஒரு பங்கு கிடைக்கும் என்று கண்டார். ஐரோப்பாவில் இதே தொடர் 17-ஆம் நூற்றாண்டில்தான் அறியப்பட்டது. சிந்தித்துப் பாருங்கள், அன்பர்களே! ஓர் அடுப்புச் சட்டியின் வட்ட விளிம்பில், முடிவில்லாத ஒரு கணக்கு அடங்கிக் கிடக்கிறது. முடிவிலி எங்கோ விண்மீன்களுக்கு அப்பால் மட்டும்தான் இருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கும்பகோணத்தில் வளர்ந்த நம் இராமானுஜன், 1, 2, 3, 4 என்ற எல்லா எண்களையும் கூட்டினால் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று வரும் என்று 1913-ஆம் ஆண்டில் ஹார்டிக்கு எழுதினார். இதைக் கண்டு தம்மைப் பைத்தியக்காரன் என்று எண்ணக்கூடும் என்பதையும் அவரே அக்கடிதத்தில் குறிப்பிட்டார். இதை எடுத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, தர்க்கமே தோற்றுவிட்டது" என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. தர்க்கம் தோற்கவில்லை. அங்கே கூட்டல் என்பதற்கே வேறொரு, நுட்பமான இலக்கணம் கொள்ளப்படுகிறது. பாதி புரிந்த கணிதத்தைப் பக்திக்கு முட்டுக் கொடுக்க வைத்தால், முட்டு நழுவும் நாளில் பக்தியும் சரியும்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். அவள் குறிப்பிட்டது ஜெர்மனியில் வாழ்ந்த கியார்க் கேண்டர் என்ற கணித அறிஞரின் கண்டுபிடிப்பு. அதை நம் சத்சங்க வழக்கிலேயே சொல்லலாம். மூன்று சேவாதாரிகள் இருக்கிறார்கள். அவர்களில் யார் யாரை ஒரு சேவைக்கு அனுப்பலாம் என்று குழுக்கள் அமைத்துப் பாருங்கள். ஒருவரையும் அனுப்பாதது, ஒருவரை, இருவரை, மூவரையும் அனுப்புவது என எல்லாவற்றையும் சேர்த்தால் 8 வகை. நான்கு பேர் என்றால் 16 வகை. ஆட்களைவிடக் குழுக்களின் எண்ணிக்கை எப்போதும் மிகுதியே. ஆட்கள் முடிவற்றவர்களாக இருந்தாலும் இந்த விதி பிழைக்காது என்பதைக் கேண்டர் 1891-ஆம் ஆண்டில் நிறுவினார். ஆகவே ஒரு முடிவிலிக்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் மற்றொன்று என ஏணி நீண்டுகொண்டே போகிறது. அந்த ஏணிக்கு உச்சிப் படி கிடையாது.

ஆகவே அந்தப் பெண் சொன்னது முற்றிலும் சரி. "இறைவன் மிகப் பெரிய முடிவிலி" என்று நாம் சொன்னால் அது கணிதப்படியே பிழை. மிகப் பெரிய முடிவிலி என்று ஒன்று இல்லை.

இதைக் கேண்டரே உணர்ந்திருந்தார். அவர் ஆழ்ந்த இறைநம்பிக்கை உடையவர். சமய அறிஞர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தியவர். தாம் கண்ட ஏணியின் படிகளை ஒரு பெயரால் அழைத்தார். எந்தப் படியாலும் எட்டப்படாத முழுமையை வேறாகப் பிரித்து, அதை இறைவனுக்கே உரியதாகக் கொண்டார். தம் காலத்துக் கணித அறிஞர்கள் சிலரின் கடும் எதிர்ப்பையும் நெடுநாள் மன நோயையும் தாங்கி, 1918-ஆம் ஆண்டில் ஹாலே நகரில் ஒரு மனநல விடுதியில் காலமானார்.

கேண்டருக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் பாஸ்கராசாரியார் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார். ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் வருவதற்குக் "கஹரம்" என்று பெயரிட்டு, அது முடிவற்றது என்றார். இன்றைய கணிதம் அந்த வகுத்தலை ஏற்பதில்லை. பூச்சியத்தால் எதைப் பெருக்கினாலும் பூச்சியமே வருவதால், அந்த வகுத்தலுக்கு விடையே கிடையாது என்கிறது. கணக்கில் பாஸ்கரர் தவறியிருக்கலாம். ஆனால் அவர் காட்டிய உவமையைக் கவனியுங்கள். அந்த எண்ணோடு எதைக் கூட்டினாலும் கழித்தாலும் மாறாது. படைப்பின்போதும் ஒடுக்கத்தின்போதும் எத்தனை உயிர்கள் வெளிவந்தாலும் அடங்கினாலும் அச்சுதனிடம் மாற்றம் இல்லாததைப் போல என்றார். அவர் இறைவனை மிகப் பெரியவன் என்று காட்ட இந்த உவமையை எடுக்கவில்லை. மாறாதவன் என்று காட்டவே எடுத்தார். அடியேன் பல ஆண்டுகளாக இவ்வுவமையைப் பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த வேறுபாடு இப்போதுதான் கண்ணில் பட்டது.

காலத்தையும் அண்டத்தையும் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தில்லியின் இரவு வானில் புகையும் விளக்கொளியும் மிகுந்து, விண்மீன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மலைப்பகுதியில் ஓர் இருண்ட இரவில் நின்று, வானம் ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைக் கேள்வி போலத் தோன்றும். அடர்ந்த காட்டின் நடுவே நின்றால் எத்திசையில் பார்த்தாலும் பார்வை ஏதேனும் ஒரு மரத்தில் முட்டும் அல்லவா? அதுபோல, விண்மீன்கள் முடிவின்றிப் பரந்து, தொடக்கமே இன்றி என்றென்றும் ஒளிர்ந்துகொண்டிருந்தால், எத்திசையில் நோக்கினாலும் ஒரு விண்மீனில்தான் பார்வை முட்ட வேண்டும். இரவு வானம் முழுதும் கதிரவனைப்போல் எரிய வேண்டும். எரியவில்லை. 1823-ஆம் ஆண்டில் ஆல்பர்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். நாம் காணும் அண்டத்திற்கு ஒரு தொடக்கம் உண்டு. மிகத் தொலைவிலுள்ள ஒளி நம்மை வந்தடையப் போதிய காலம் ஆகவில்லை என்பதே இன்று சொல்லப்படும் முதன்மையான காரணம். அந்தக் காலம் சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அண்டம் விரிந்துகொண்டே இருப்பதால், நாம் காணக்கூடிய பகுதி எல்லாத் திசைகளிலும் சுமார் 4,600 கோடி ஒளியாண்டுத் தொலைவு வரை நீள்கிறது. அதற்கு அப்பால் அண்டம் முடிவற்று நீள்கிறதா, எங்கேனும் வளைந்து தன்னையே வந்து சேர்கிறதா என்பதை இன்றைய அளவீடுகள் தீர்த்துச் சொல்லவில்லை. அப்பாலிருந்து ஒளி வரவில்லை. ஒளி வராத இடத்தைப் பற்றிச் சாட்சி இல்லை.

நம் சாத்திரங்கள் பிரம்மாவின் ஒரு பகலை 432 கோடி ஆண்டுகள் என்கின்றன. இந்த எண் பூமியின் வயதை நெருங்கி வருகிறது என்று மகிழ்ந்து பேசுவோர் பலர். அடியேனும் ஒரு காலத்தில் பேசியதுண்டு. இரண்டும் வெவ்வேறு நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டவை. அந்த ஒப்பீட்டை இப்போது விட்டுவிட்டேன். நம் தருக்க நூலோர் இதைவிட நுட்பமாகவே நடந்திருக்கிறார்கள். காரணத்திற்குக் காரணம், அதற்கும் காரணம் என்று முடிவின்றிப் பின்னே செல்வதை "அனவஸ்தை" என்ற குற்றமாகக் கண்டார்கள். ஆயினும் வித்திலிருந்து முளை, முளையிலிருந்து வித்து என்ற தொடரை அக்குற்றத்தில் சேர்க்காமல் "அனாதி" என்று ஏற்றார்கள். எந்த முடிவின்மை அறிவைக் குலைக்கிறது, எது குலைக்கவில்லை என்று நிறுத்துப் பார்த்த பின்பே அவர்கள் இசைந்தார்கள்.

உலகம் முடிவுள்ளதா, முடிவற்றதா என்று கேட்டபோது புத்தர் பெருமான் விடை கூறாது ஒதுக்கினார் என்பதையும் அறிவோம். அம்பு தைத்தவன் அதை எய்தவனின் குலத்தை விசாரித்துக்கொண்டிருக்கலாகாது என்பது அவர் கருத்து. அண்டத்தின் எல்லையைப் பொறுத்தவரை அடியேனுக்கு அந்த விடையே போதும். நாளை அண்டம் முடிவுள்ளது என்று உறுதியானாலும் நம் வழிபாட்டில் ஒரு மலர்கூடக் குறையாது. ஆனால் அந்த மாணவி அண்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. யாரை வணங்குகிறோம் என்று கேட்டாள். அதை ஒதுக்க முடியாது.

அவளுக்கு அடியேன் இன்று தரும் விடை இது. அம்மா, ஏணியின் எந்தப் படியிலும் அவனைத் தேடாதே. எல்லையற்றவன் என்று நாங்கள் சொல்வது ஓர் அளவின் பெயர் அல்ல. முழம் கொண்டு பாலின் இனிமையை அளக்க முடியவில்லை என்றால், பால் மிக நீளமானது என்று பொருளாகாது. முழம் அங்கே பொருந்தவில்லை என்பதே பொருள். பெரியது, சிறியது, அதனினும் பெரியது என்ற சொற்கள் அளவுள்ளவற்றுக்கும் நீ கற்ற முடிவிலிகளுக்கும் உரியவை. அந்தச் சொற்கள் பொருந்தாத இடத்தையே மகான்கள் "அனந்தம்" என்றார்கள். நாங்களோ பேச்சின் வேகத்தில் அதை ஒரு மாபெரும் எண்ணைப் போலச் சொல்லிவிட்டோம். பிழை எங்களுடையது.

அவள் கூர்மையானவள். இதைக் கேட்டதும் அடுத்த கேள்வியைக் கேட்பாள் என்பது அடியேனுக்குத் தெரியும். "அளவே பொருந்தாத ஒன்றுக்கும், இல்லவே இல்லாத ஒன்றுக்கும் என்ன வேறுபாடு ஐயா? பூச்சியத்தையும் முழம் கொண்டு அளக்க முடியாதே?" இந்தக் கேள்வியோடு சில வாரங்களாக அமர்ந்திருக்கிறேன். கேடயம் எதையும் கையில் எடுக்கவில்லை. இவ்விதழ் அவள் வீட்டுக்கும் செல்கிறது என்று அவள் தாயார் சொன்னார். ஞாயிறு காலை சத்சங்கம் முடிந்த பின் அடியேன் வழக்கம்போல் வாசலருகே அமர்ந்திருப்பேன்.