செய்து பார்த்தலும் பொறுப்பேற்றலும்

தமிழில் 'பார்' என்னும் வினை, பிறிதொரு வினையெச்சத்தைத் தொடர்ந்து வருமிடத்து, தன் பொருளை ஓரளவு விட்டுக்கொடுத்து முயற்சியைக் குறிக்கும் துணைவினையாக நிற்கிறது. சுவைத்துப் பார்த்தல், கேட்டுப் பார்த்தல், செய்து பார்த்தல் என்பன நாள்தோறும் வழங்குவன. எனினும், காணுதல் என்னும் பழம்பொருள் அவற்றினின்றும் முற்றாக அகன்றுவிடவில்லை. ஒன்றைச் செய்து பார்ப்பவர், செய்வதன் வழியாக முன்னர்ப் புலப்படாத ஏதோவொன்றைக் காண்கிறார். அவர் காண்பது யாது, அதற்குரிய செலவைச் செலுத்துபவர் யார் என்னும் இரு வினாக்களும் அறவியலைச் சார்ந்தவை. பிறர் சொன்ன முறைப்படி வீட்டில் ஒரு புதிய பலகாரத்தையோ கைவினைப் பொருளையோ செய்து பார்க்கும் சிறு செயலை முன்வைத்தே இவ்வினாக்களை ஆராய இயலும். போரையும் அரசையும் ஒத்த பெருஞ்செயல்களே அறவியலுக்குரியன, அடுக்களை அதற்குப் புறம்பானது என்று கருதும் வழக்கம், அடுக்களைக்குள் நுழையாதவர்கள் நூல் எழுதியதால் நேர்ந்த குறை எனலாம்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதி இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். 2020 மார்ச் 20ஆம் திகதி இலங்கையில் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டின் சித்திரைப் புத்தாண்டு வீட்டுக்குள்ளேயே கழிந்தது. பாடசாலை செல்லாத பிள்ளைகளும் தொழிலுக்குச் செல்லாத பெரியவர்களும் கைபேசித் திரையிற் கண்ட செய்முறைகளைச் செய்து பார்க்கத் தொடங்கினர். போறணை இல்லாத வீடுகளில், அடியில் மணல் பரப்பிய சட்டிக்குள் கேக் வெந்தது. வெற்றுப் போத்தல் பூச்சாடியாயிற்று. உலகின் பெரும்பகுதியிலும் இதுவே நிகழ்ந்தது. ஆயினும், இம்மாவட்டத்திற்கு மாவோடும் சீனியோடும் தனியானதொரு தொடர்பு உண்டு. கப்பலில் வந்திறங்கும் கோதுமையை அரைக்கும் பிரிமா ஆலை 1980 முதல் சீனக்குடாவில் இயங்கிவருகிறது. கந்தளாயில் 1960களில் இயங்கிய சீனித் தொழிற்சாலையோ பின்னர் மூடப்பட்டது. ஆலை அருகிலிருந்தும், அதில் அரைபடும் கோதுமை அயல்நாட்டது. கரும்பு விளைந்த மண்ணாயிருந்தும், கடையில் வாங்கும் சீனி பெரும்பாலும் இறக்குமதியானது. வீட்டிற் செய்தது என்று பெருமையோடு பரிமாறப்படும் பண்டத்தில் வீட்டுக்குரியது எது என்னும் ஐயம் இங்கு இயல்பாகவே எழுகிறது.

இத்தகைய முயற்சிகளை மூத்தோர் இரு வகையாகக் குறைகூறுவர். இவை நம்முடைய பண்டங்கள் அல்ல என்பது முதற்குறை. பொருள் வீணாகிறது என்பது இரண்டாவது.

முதற்குறை வலுவற்றது. துறைமுகம் என்பதே பிறருடைய செய்முறைகள் வந்திறங்கும் இடமாகும். பாண் என்னும் சொல் போர்த்துக்கேயர் தந்தது. அதை வேகவைக்கும் போறணையின் பெயரும் அவர்கள் மொழியிலிருந்தே வந்தது. 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியவர்களின் சொல், அதே ஊரில் காலை உணவின் பெயராக நிலைத்துவிட்டது. அவர்கள் வழிவந்த பறங்கியர் இன்றும் பாலையூற்றுப் பகுதியில் வாழ்கின்றனர். கொக்கிஸ் என்னும் பலகாரத்தின் பெயர் ஒல்லாந்தருடைய சொல்லிலிருந்து பிறந்தது என்பர். பலகாரமோ, அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து, சித்திரைப் புத்தாண்டுத் தட்டில் இடம்பெறும் உள்ளூர்ப் பண்டமாகிவிட்டது. மலாயரோடு தொடர்புபடுத்தப்படும் வட்டிலப்பம் இன்று முஸ்லிம் வீடுகளின் பெருநாட் பண்டம். அயல் வீடுகளுக்கும் அது செல்கிறது. கடன் வாங்கப்பட்டது என்பதற்காக ஒரு பண்டத்தைத் தள்ளிவிடுவதாயின், இவ்வூரின் அடுக்களையில் எஞ்சுவது மிகச் சிலவாகவே இருக்கும்.

ஆயினும், கடன் வாங்கிய முறை எவ்வாறு சொந்தமாகிறது என்பதை விளக்குதல் வேண்டும். கொக்கிஸ் சுடுவதற்குரிய அச்சை முதலிற் கொதிக்கும் எண்ணெயிற் காயவைத்து, மாக்கரைசலில் தோய்த்து, மீண்டும் எண்ணெயில் இடுவர். அச்சுப் போதிய சூடேறாவிடின் மா அதிற் பிடிக்காது. மா அச்சின் மேல் விளிம்பைத் தாண்டி மூடிவிட்டாலோ வெந்த பலகாரம் கழன்று விழாது. எண்ணெயில் அச்சு எழுப்பும் ஒலியைக் கேட்டே தருணத்தை அறிவோர் உளர். இவ்வறிவைப் பக்குவம் என்னும் ஒரு சொல்லால் தமிழர் குறித்தனர். சமைப்பவரின் திறனையும் சமைக்கப்படும் பொருளின் நிலையையும் அச்சொல் ஒருங்கே சுட்டுவது கவனிக்கத்தக்கது.

பிளேற்றோ தமது கோர்கியாஸ் உரையாடலில், சமையலைக் கலையென ஏற்க மறுத்து, காரணங்கூற இயலாத வெறும் பழக்கமே அதுவென்றார். இருபதாம் நூற்றாண்டில் கில்பேட் றைல், 1949இல் வெளியான நூலில், செய்யத் தெரிதலை விதி தெரிதலாகச் சுருக்குவது பிழையென வாதிட்டார். சமையற்காரர் விதிகளை மனத்தில் ஒப்புவித்த பின்னரே சமைக்கிறார் என்னும் கருத்தை அவர் எள்ளி நகைத்தார். மைக்கல் ஓக்சொட் இதனையே சமையல் நூலை உதாரணமாகக் காட்டி எடுத்துரைத்தார்: சமைக்கத் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே இருந்தாலன்றி அந்நூலுக்குப் பயனில்லை. பிளேற்றோ குறையெனக் கண்டதைப் பின்னிருவரும் அறிவின் ஒரு வகையாகக் கண்டனர். இவ்விடயத்தில் பின்னிருவர் பக்கமே உண்மை நிற்கிறது. எனினும் காரணம் கேட்ட பிளேற்றோவையும் முற்றாக ஒதுக்குதல் தகாது.

உட்துறைமுக வீதியில் உள்ள ஒரு வீட்டில், பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி கேக் செய்து பார்க்கிறாள் எனக் கொள்வோம். வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கவேண்டும் என்கிறது செய்முறை. அச்செய்முறையை வகுத்தவரின் அறை குளிர்நாட்டு அறை. அதன் வெப்பம் ஏறத்தாழ 20 பாகை. ஏப்பிரல் நண்பகலில் திருகோணமலை அடுக்களை 30 பாகையைக் கடந்துவிடும். சீனியோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைக்கும் திண்மை வெண்ணெய்க்கு வேண்டும். உருகிய வெண்ணெயில் காற்றுத் தங்காது. கேக் கனத்து அமுங்கிவிடும். பேக்கிங் பவுடர் கடையில் இல்லாமற் போகவே, அதே அளவு அப்பச்சோடாவை அவள் இடுகிறாள். அப்பச்சோடா நன்கு பொங்குவதற்குத் தயிரோ எலுமிச்சஞ் சாறோ போன்ற ஒரு புளிப்பு உடன் சேரவேண்டும். பேக்கிங் பவுடரில் அது முன்னரே கலந்துள்ளது. விளைவு, சவர்க்காரச் சுவையுள்ள ஒரு தட்டை.

அவள் தோற்றாள் என்று கூறுவது எளிது. ஆனால் அறை என்னும் பொதுச்சொல்லுக்குள் ஒரு நாட்டின் தட்பவெப்பம் ஒளிந்திருப்பதை அவள் கண்டுவிட்டாள். அடுத்த முறை விடியற்காலையில், பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இருத்தி வெண்ணெயை அடிப்பாளாயின், சோடாவோடு எருமைத் தயிர் ஒரு கரண்டி சேர்ப்பாளாயின், அச்செய்முறையை அவள் கீழ்ப்படிந்து செய்தாள் என்று இனிக் கூறமுடியாது. காரணம் அறிந்து மாற்றிய அந்த இடத்தில் அது அவளுடையதாகத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது குறை இவ்வளவு எளிதில் தீர்வதன்று. 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. மாவும் முட்டையும் பால்மாவும் எட்டாப் பொருள்களான அக்காலத்தில், வீணான ஒரு கேக் தம்பியின் அடுத்த வேளை உணவாக இருந்திருக்கக்கூடும். தோல்வியினால் வரும் அறிவு ஒருத்திக்கு, இழப்பு இன்னொருவனுக்கு என்றாகும்போது, செய்து பார்க்கும் உரிமை கேள்விக்குரியதாகிறது. பழகிய பிட்டையும் களியையுமே திரும்பத் திரும்பச் செய்யும் வறிய வீட்டுத் தாயைப் புதுமை விரும்பாதவள் எனப் பழிப்போர் இதனை எண்ணுவதில்லை. தவறினால் ஈடுசெய்ய மிச்சமில்லாத வீட்டில், தெரிந்ததையே செய்தல் அறியாமையாகாது, அது கணக்கு. அதே வேளை, நெருக்கடி நீடித்த ஆண்டுகள் முழுவதும் ஒரு பிள்ளை எதையும் தவறவிட அனுமதிக்கப்படவில்லையாயின், அவள் கை எதையும் அறியாமலே வளர்ந்துவிடும். கால் பங்கு மாவில் முதலிற் செய்து பார். பிழைத்தால் எல்லோரும் பகிர்ந்து உண்போம் என்று சொல்லும் வீடுகளும் இருந்தன. இழப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பங்கிடும் இவ்வழி, வீணாக்காதே என்னும் அதட்டலைவிட நேர்மையானது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வற்புறுத்துதல் தகும். 1970க்கும் 1977க்கும் இடையில், இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் கீழ், மக்கள் மாவுக்குப் பதிலாக மரவள்ளியைப் பல வடிவங்களிற் சமைத்துப் பார்த்தனர். 1990களில், பொருளாதாரத் தடைக்குட்பட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு விளக்கெரித்தனர். அவ்விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியோர் பலர். இவையும் செய்து பார்த்தலே. ஆயின் ஓய்வில் பிறந்தவை அல்ல. இவற்றைப் புத்தாக்கம் என்று புகழ்ந்து, அவற்றை வேண்டியதாக்கிய தடையை மறந்துவிடும் எழுத்துகள் அவ்வப்போது வெளிவருகின்றன. அப்புகழ்ச்சியில் ஒரு கொடுமை உண்டு. மின்சாரம் இருந்திருப்பின் அப்பிள்ளைகள் போத்தலில் விளக்குச் செய்திருக்கமாட்டார்கள். செய்யாதிருந்ததில் அவர்களுக்கு நட்டமும் இருந்திராது.

கைவினைக்கு வருவோமாயின், இழப்பு வீட்டெல்லையையும் தாண்டுகிறது. சிப்பிகளைச் சேர்த்து ஒட்டிப் படச்சட்டம் செய்யும் முறை எங்கும் பரவியுள்ளது. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து பவளப்பாறைத் துண்டையோ சிப்பியையோ எடுத்துச் செல்லுதல் சட்டத்திற்கு மாறானது. சட்டம் எட்டாத கரையிலும், வெற்று ஓடெனத் தோன்றுவது வேறொரு நண்டு குடியேறவிருக்கும் வீடாக இருக்கலாம். செய்முறையை வகுத்தவருக்கு இக்கரை தெரியாது. சிப்பி என்று மட்டுமே அவர் எழுதினார். கரையை அறிந்தவரோ செய்முறையிற் சொல்லப்படவில்லை என்று தப்பித்துக்கொள்ள முடியாது. அடுக்களையிற் கிடக்கும் சிரட்டையும் வேலியோரப் பனையின் ஓலையும் இருக்க, கடலிடம் கேட்க வேண்டியதில்லை என்று கூறத் தோன்றும். ஆயினும் ஓலை முடையும் கை அருகிவருவதையும் மறைத்தற்கில்லை. இரு தலைமுறைக்கு முன் சிறுமியர் பார்த்தே பழகிய பெட்டி முடைதலை, இன்று ஆர்வமுள்ள ஒருத்தி திரையைப் பார்த்துத்தான் கற்கவேண்டியுள்ளது. போத்தற் பூச்சாடியைப் பொறுத்தவரை, இரு மாதத்தில் அதுவும் குப்பைக்கே செல்கிறது. நடுவே வர்ணமும் பசையும் செலவாயின என்பதே மிச்சம்.

வீட்டிற் செய்தது என்னும் தொடர் விற்பனைக்கு வரும்போது அதன் பொருள் கூர்மையடைகிறது. ஊரடங்கில் விளையாட்டாகத் தொடங்கிய சிலருக்கு, பிறந்தநாட் கேக் செய்து கொடுப்பது பின்னர் வருமானமாயிற்று. வாங்குவோர் அத்தொடரில் நம்புவது சுவையை மட்டுமன்று. செய்தவரின் பிள்ளையும் இதையே உண்கிறது. பிழையானால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பதே அந்நம்பிக்கை. ஆலையின் மா, அயலவரின் சீனி, அறியாத ஒருவரின் செய்முறை ஆகியன சேர்ந்த பண்டத்தில் வீட்டுக்குரியது எது என்று முன்னர் எழுந்த ஐயத்திற்கு, தட்டப்படும் அக்கதவையே விடையாகக் காட்டலாம்.

எஞ்சியிருப்பது கற்பித்தவருக்குரிய கடன். பெரியம்மாவிடம் பலகாரம் கற்றவள், முதல் ஈட்டை அவர் வீட்டுக்குத்தான் அனுப்பினாள். அவர் சொல்லும் குறையைக் கேட்டே அடுத்த ஈட்டைச் சுட்டாள். திரையிற் கற்பித்தவருக்கு அனுப்ப வழியில்லை. குறைசொல்ல அவர் அருகில் இல்லை. அக்கடனைப் பக்கத்து வீட்டிலேயே தீர்க்கலாம். கேக் செய்து பார்த்த அப்பெண், ஒரு கொப்பித் தாளில் முறையைத் தமிழில் எழுதி, தயிர் ஒரு கரண்டி என்று திருத்தி, வெண்ணெயை விடியற்காலையில் அடிக்கவும் என ஓரத்திற் குறித்து, வேலிக்கு மேலால் அதை நீட்டுகிறாள். வாங்குபவர், மணற்சட்டியில் எவ்வளவு நேரம் என்று கேட்கிறார்.