புல்லுருவி என்னும் வசை

பிறர் உழைப்பில் உண்டு வாழ்வோனைப் புல்லுருவி என்று ஏசுதல் நம்மவர் வழக்கு. மேடையிலும் ஏட்டிலும் இவ்வசை மலிந்து கிடக்கிறது. அச்செடியை அருகிற் சென்று நோக்கியவர் எத்தனை பேர்?

ஜொகூர்த் தோட்டங்களில் அதற்குப் பஞ்சமில்லை. பூங்கொத்தி என்னும் சிறு குருவி அதன் கனியை விழுங்கி, பசைமிக்க விதையைக் கிளையில் தேய்த்துச் செல்லும். முளைத்த விதை பால்மரத்தின் பட்டையைத் துளைத்து நீரையும் உப்பையும் உறிஞ்சும். பற்றிய இடத்துக்கு அப்பாலுள்ள கிளை பட்டுப்போதலும் உண்டு. ஆதலின் அதனை வெட்டலாகாது என்று நாம் வாதிக்கவில்லை. கணக்கெழுதிப் பிழைப்போர் வேறு எவ்வாறு பேசுவர்! ஆயினும் அதன் இலை பச்சை என்பதை மறத்தல் நேர்மையன்று. வெயிலைக் கொண்டு தன் உணவின் பெரும்பகுதியைத் தானே ஆக்கிக்கொள்ளும் செடி அது. தாவர நூலார் அதனை அரை ஒட்டுண்ணி என்பது அதுபற்றியே.

நீலகிரி, பழனி மலைகளிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும், ஈரம் சுவறிய புற்சரிவுகளில் பெடிகுலாரிஸ் என்றோர் இளஞ்சிவப்புப் பூச்செடி மலர்கிறது. அதுவும் மண்ணுக்கடியில் புல்லின் வேரைப் பற்றி உறிஞ்சுவதே. காண்போர் அழகென வியப்பரேயன்றி ஏசுவதில்லை. சந்தனமோ இன்னும் ஒரு படி மேல். அண்டைச் செடியின் வேரையன்றி அது செழிக்காது. நாற்றங்காலிலேயே துவரையைத் துணைக்கு நட்டு வளர்க்கின்றனர். அவ்வாறு வளர்ந்ததை அரைத்து நெற்றியில் இடுகிறோம். கிளையில், கண்காண உறிஞ்சியது பழிக்கப்படுகிறது. மண்ணுக்குள் உறிஞ்சியது பூசிக்கப்படுகிறது.

பச்சை இலை ஒன்றேனும் இல்லாத முழு ஒட்டுண்ணியும் இந்நாட்டில் உண்டு. பேராக், பகாங் காடுகளின் ரப்ளீசியா ஒரு கொடியின் உடலுக்குள்ளேயே வாழ்ந்து, பூவை மட்டும் வெளிக்காட்டும். அதனைக் காண மக்கள் பணம் கொடுத்துக் காடேறுகின்றனர்.

செடியின் மானங்காக்க நாம் இவ்வளவு எழுதவில்லை. லயத்தில் வேலை ஓய்ந்திருக்கும் கிழவி ஒருத்தியைச் சிலர் இச்சொல்லால் குறிக்கக் கேட்டோம். செக்ரோலில் பெயரில்லை, வீட்டையும் நீரையும் வீணே நுகர்கிறாள் என்பது அவர்தம் வாதம். முப்பது ஆண்டு விடியுமுன் எழுந்து பால் வெட்டியவள் அவள். பால்மரத்தைக் கண்ணாலும் காணாது அவள் வெட்டிய பாலில் பங்கிலாபம் பெற்றோரை இப்பெயரால் எவரும் அழைத்திலர்.

வீட்டைக் காலிசெய்யுமாறு இத்தகையோர்க்குச் செல்லும் கடிதங்களைத் தட்டெழுதுவது நம் போன்ற கிராணிமார் வேலை. பெயர், வீட்டு எண், வெளியேற வேண்டிய நாள் ஆகியவற்றுக்கு அதில் இடமுண்டு. பால் வெட்டிய ஆண்டுகளைக் குறிக்க இடமில்லை.