இரு நாட் பயணமும் இறந்தோர்க்குரிய கடனும்

பயணத்திட்டம் வகுத்தலை ஒழுக்கவியலுக்குரிய பொருளாக எவரும் கருதுவதில்லை. புகையிரத நேரம், தங்குமிடம், கைச்செலவு, மழை வருமா வராதா என்பனவே அதன் கூறுகள். ஆயின், செல்லுமிடம் போர்க்களமாகவும் கைவசமுள்ள காலம் இரண்டே நாட்களாகவும் அமையும்போது நிலைமை வேறாகிறது. அப்பொழுது எவ்விடத்தில் இறங்குவது, எவ்விடத்தைக் கடந்து செல்வது என்னும் தெரிவு இறந்தோர் பற்றிய ஒரு தீர்ப்பாகவே முடிகிறது. திட்டம் வகுப்பவர் அதனை உணர்வதில்லை என்பதே இங்கு ஆராயவேண்டியது.

1944 ஜூன் 6ஆம் திகதி நேசநாட்டுப் படைகள் வந்திறங்கிய பிரான்சின் நோர்மண்டிக் கரை இதற்குத் தக்க உதாரணமாகும். யூற்றா, ஒமாஹா, கோல்ட், ஜூனோ, சுவோட் என மறைபெயரிடப்பட்ட ஐந்து கடற்கரைகள் அங்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரத்துக்குப் பரந்து கிடக்கின்றன. முதல் நாளிலேயே கடல்வழியாகவும் வான்வழியாகவும் 150,000க்கு மேற்பட்ட வீரர் இறங்கினர். குறுகிய காலப் பயணி பாரிசிலிருந்து புகையிரதத்தில் பாயூ என்னும் சிறு நகரை அடைந்து, அங்கு தங்கி, முதல் நாள் அரோமான்ஷில் செயற்கைத் துறைமுகத்தின் எச்சங்களையும், ஒமாஹா கடற்கரையையும், அதன் மேட்டில் உள்ள கொல்வில் அமெரிக்க மயானத்தையும் காண்பார். மறுநாள் பொயின்ற் டு ஹொக் செங்குத்துப் பாறையையும் யூற்றாவையும் கண்டு திரும்புவார். இது வழக்கமான திட்டம். இதிற் குறை காண்பது எளிதன்று.

இத்தகைய பயணமே தகாதது என்பாரும் உளர். மனிதர் குருதி சிந்திய மணலில் நின்று புகைப்படம் எடுத்தலும், நினைவுப்பொருட் கடையில் விளையாட்டுக் கவச வாகனம் வாங்குதலும் இறந்தோரை இழிவுபடுத்தும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் உண்மையில்லாமலில்லை. ஆயினும் அது பயணத்தைக் கண்டிக்கிறதா, பயணியைக் கண்டிக்கிறதா என்பது தெளிவாகவில்லை. ஒமாஹாவில் படையினர் இறங்கியது வற்றுப் பெருக்கு அறிந்து தெரிவுசெய்யப்பட்ட வேளையில். கடல் வற்றியிருந்தமையால் ஏறத்தாழ 300 மீற்றர் அகலமான வெறும் மணலை அவர்கள் குண்டுமாரிக்கிடையே கடக்கவேண்டியிருந்தது. நீர் பெருகியிருக்கும் நேரத்திற் செல்பவர் அந்த மணலைக் காணமாட்டார். அழகியதொரு கடற்கரையையே காண்பார். புறப்படுமுன் வற்றுப் பெருக்கு அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றும் நேரத்துக்குத் தம் வருகையை ஒழுங்குசெய்யும் ஒருவரை வெறும் வேடிக்கை பார்ப்பவர் என்று தள்ளிவிடுதல் இயலாது. அவர் அத்தூரத்தைத் தம் கால்களால் அளக்க விரும்புகிறார். அதுவும் ஒருவகை மரியாதையே.

வழிச்செல்வோன் இறந்தோர்க்குக் கடன்பட்டவன் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. மலைபடுகடாம் பத்துப்பாட்டில் ஓர் ஆற்றுப்படை நூல். நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு அது வழி சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறியை விலகிப் போகவேண்டிய இடமும், பாம்புகள் மறைந்து கிடக்கும் இடமும், உணவு கிடைக்கும் ஊர்களும் அதிற் கூறப்படுகின்றன. இக்கால வழிகாட்டி நூல்கள் செய்வதும் இதுவே. அந்த வழிகாட்டலுக்கு நடுவில், பாதையோரம் நிற்கும் நடுகற்களின் முன்பு உங்கள் மரபுப்படி இசைத்து வணங்கி விரைந்து செல்லுங்கள் என்ற அறிவுரையும் வருகிறது. உணவைப் போலவும் ஆபத்தைப் போலவும் நினைவுக்கடனும் பயணத்தின் ஓர் அங்கமாகவே கொள்ளப்பட்டது. ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. அக்கற்கள் புறமுதுகிட்டோரை நாணச்செய்யும் கற்கள். வீரம் காட்டி வீழ்ந்தவனுக்கே கல் உண்டு. அஞ்சி மடிந்தவனுக்கு இல்லை.

நோர்மண்டியின் மயானங்கள் இவ்விடத்தில் வேறுபடுகின்றன. 1917இல் நிறுவப்பட்ட பிரித்தானியப் போர்மயான ஆணைக்குழு, தளபதிக்கும் சாதாரண சிப்பாய்க்கும் ஒரே அளவான கல்லே நாட்டப்படும் என விதித்தது. வீரம் அளக்கப்படவில்லை, பதவியும் பார்க்கப்படவில்லை. பாயூவில் 4,000க்கு மேற்பட்டோர் இவ்விதியின்படி அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கல்லின் அடியில் ஓரிரு வரி பொறிக்கும் உரிமை குடும்பத்துக்கு வழங்கப்பட்டது; பெற்றோரும் மனைவியரும் அனுப்பிய அச்சிறு வரிகளைப் படித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பவர்க்கு ஒரு மணித்தியாலம் போதாது. வழக்கமான திட்டம் இம்மயானத்துக்கு அரை மணித்தியாலத்தை ஒதுக்கினால் அதுவே பெரிது. இதே மண்ணில் 400க்கு மேற்பட்ட ஜேர்மானியரும் கிடக்கின்றனர் என்பது பலர் கவனிக்காத செய்தி.

ஜேர்மானியருள் மிகப் பெரும்பாலோர் கிடப்பது லா காம்ப் என்னுமிடத்தில். 1961இல் திறந்துவைக்கப்பட்ட அம்மயானத்தில் 21,000க்கு மேற்பட்டோர் புதைக்கப்பட்டுள்ளனர். கொல்வில்லின் வெண்பளிங்குச் சிலுவைகள் அங்கில்லை. புல்லிற் பதித்த தட்டையான கற்களும், ஐந்தைந்தாக நிற்கும் கருநிறக் குட்டைச் சிலுவைகளும், நடுவில் ஒரு மேடுமே உள்ளன. பாயூவிலிருந்து மேற்கே செல்லும் பெருந்தெரு அதன் அருகாகவே போகிறது. ஒமாஹாவையும் யூற்றாவையும் ஒரே பயணத்திற் காண்பவர் பெரும்பாலும் அதனைக் கடந்தே செல்கிறார். ஆகவே தூரத்தைக் காரணம் காட்ட வழியில்லை. அவர் இறங்காமற் போவது, தோற்றவனுக்கு, அதிலும் அநீதியின் பக்கம் நின்று தோற்றவனுக்கு, தம் காலத்தில் பங்கில்லை என்று கருதுவதாலேயே.

இக்கருத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 1944 ஜூன் 10ஆம் திகதி ஒரடூர் என்னும் பிரெஞ்சுக் கிராமத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 600க்கு மேற்பட்டோரைக் கொன்றொழித்த எஸ்.எஸ். படைப்பிரிவின் அதிகாரி, அதே மாதம் நோர்மண்டியில் மாண்டு லா காம்பில் கிடக்கிறான். பதினேழு, பதினெட்டு வயதுச் சிறுவர் கிடப்பதும் அங்கேயே. கற்கள் இருவரையும் வேறுபடுத்தவில்லை. 1985 மே 5ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி றீகன் மேற்கு ஜேர்மனியின் பிற்பேர்க் மயானத்தில் மலர்வளையம் வைக்கச் சென்றபோது எழுந்த எதிர்ப்பு இதனாலேயே. அங்கும் எஸ்.எஸ். படையினர் புதைக்கப்பட்டிருந்தனர். வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய எழுத்தாளர் எலி வீசல், அங்கு செல்லவேண்டாம் என்று வெள்ளை மாளிகையிலேயே அவரை நேரிற் கேட்டுக்கொண்டார். வீசல் கேட்டது நியாயமே. ஆயின் அவர் எதிர்த்தது ஓர் அரசு தன் பெயரால் அளிக்கும் மரியாதையை. தோளிற் பையுடன் வரும் ஒரு மாணவனின் வருகை எவரையும் மன்னிப்பதாகாது; மன்னிக்கும் அதிகாரம் அவனிடம் இல்லை. காண்டல் வேறு, வணங்கல் வேறு. வணங்கத் தகாத கல்லையும் காணவேண்டிய கடமை உண்டு. கண்டாலன்றி, ஒரு சமூகம் தன் பதினேழு வயது மைந்தரை எத்தகைய மனிதரின் பக்கத்தில் கொண்டுவந்து கிடத்தியது என்பது விளங்காது. புறமுதுகிடாமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் லா காம்பிலும் நடுகல்லுக்குரியோர் பலர் இருப்பர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். வீரம் அறத்துக்குச் சான்றாகாது.

எம்மயானத்திலும் காணமுடியாத இன்னொரு கூட்டத்தார் உளர். 1944இல் நோர்மண்டியில் ஏறத்தாழ 20,000 பிரெஞ்சுக் குடிமக்கள் இறந்தனர். அவருட் பெரும்பாலோரைக் கொன்றது அவர்களை விடுவிக்க வந்த நேசநாடுகளின் குண்டுவீச்சு. கான் நகரின் பெரும்பகுதி இடிந்து வீழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் புனித எற்றியேன் தேவாலயத்தினுள் அடைக்கலம் புகுந்திருந்தனர். இவர்களுக்கு வரிசையான வெண்கற்கள் இல்லை. ஊர் ஊராகக் குடும்பக் கல்லறைகளில் சிதறிக் கிடக்கின்றனர். பாரிசிலிருந்து பாயூவுக்குச் செல்லும் புகையிரதம் கான் நகர் வழியாகவே செல்கிறது. பயணியின் பெட்டி மேற்றட்டில் இருக்கிறது, அவர் இறங்குவதில்லை. இருநாட் திட்டத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய இயலுமாயின், யூற்றாவைக் கைவிட்டு, அரை நாளைக் கான் நகருக்கும் ஒரு மணித்தியாலத்தை லா காம்புக்கும் கொடுப்பதே தக்கது. யூற்றாவில் இறங்கியோர்க்கு அதனால் அநீதி நேராது. அவர்களை நினைப்போர் ஏராளம்.

தோற்றவரின் கல்லறைக்கு வழியிருந்தும் இறங்காமற் போவது ஒரு குறை. இறங்குவதற்குக் கல்லறையே இல்லாத நிலம் வேறு. இலங்கையில் 2009இன் பின்னர் தெற்கிலிருந்து பஸ்களில் வடக்கே வந்தோர் ஆனையிறவையும், புதுக்குடியிருப்பில் நீரின் நடுவே எழுப்பப்பட்ட வெற்றிச் சின்னத்தையும் கண்டு திரும்பினர். கோப்பாய்த் துயிலுமில்லம் இடித்து நிரவப்பட்ட இடத்தில் இராணுவ முகாம் எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரியில் ஓரிரவில் தகர்க்கப்பட்டு, அவ்வாண்டு ஏப்ரலில் மீள எழுப்பப்பட்டது. நாசிப் படைக்குத் தன் மண்ணில் இடமளித்த பிரான்சை எண்ணும்போது, ஒரே நாட்டின் குடிமக்களான பெற்றோரிடமிருந்து பிள்ளைகளின் புதைகுழிகளைப் பறித்ததற்கு என்ன நியாயம் கூறமுடியும் என்பது விளங்கவில்லை. லா காம்பில் ஒரு தாய் தன் மகனின் பெயரைத் தேடிக் கண்டு அதன்மேற் கைவைக்கலாம். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் இறந்தோர் அனைவரின் பெயரையும் தாங்கும் கல் எதுவும் இல்லை. ஆண்டுதோறும் மே 18ஆம் திகதி அங்கு வருவோர் தத்தம் பிள்ளைகளின் படங்களைத் தாமே கொண்டுவந்து, மணலில் வைத்து, அவற்றின் முன் சுடரேற்றுகின்றனர். திரும்பும்போது படங்களை எடுத்துச் செல்கின்றனர்.