ஒரு தொப்பிக்கு ஒரு புத்தகம்

இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த பழைய நூல்களில் மிகவும் பெயர்பெற்ற ஒன்றின் கதை எங்கள் குடாவில்தான் தொடங்குகிறது. சோழமண்டலக் கரையில் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற கப்பல், அதைச் சரிசெய்வதற்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும், பின்னாளில் அந்த நூலை எழுதிய அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மகனுக்கு அப்போது 19 வயது. அவர்கள் பிடிபட்டபோது அமர்ந்திருந்த புளியமரத்தின் நினைவாக மூதூரில் ஒரு கல் நிற்கிறது. எங்கள் ஊரான கிளிவெட்டியின் பிள்ளைகள் பலர் அந்தக் கல்லைப் பார்க்காமலே வளர்ந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு ஒரு மனக்குறை.

அடுத்த ஆண்டே தகப்பன் காய்ச்சலில் இறந்துபோனார். மகனிடம் மிஞ்சியிருந்தவை இரண்டு சமயப் புத்தகங்கள். திரும்பத் திரும்ப வாசித்து அவை ஏறத்தாழ மனப்பாடமாகிவிட்டன. ஒருநாள் அவர் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, கூட இருந்த பையன் அவ்வழியே வந்த ஒரு கிழவரோடு பேச்சுக்கொடுத்தான். கிழவரிடம் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில் அவர் கைக்கு வந்ததாம் அது. விரித்துப் பார்த்தால் பைபிள். நொக்ஸ் தன்னிடமிருந்த ஒரேயொரு பொற்காசையும் கொடுத்துவிடத் துடித்தார். பையன்தான் தடுத்தான். கையால் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்தாலே போதும் என்று சொன்னான். கிழவரும் சம்மதித்தார்.

ஏறத்தாழ 20 ஆண்டுச் சிறையிருப்பில் அவருக்கு நடந்த பெரிய நல்லது எது என்று கேட்டால், 1679-இல் தப்பியதைத்தான் எவரும் சொல்வார்கள். ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு சில்லறை வியாபாரி போல ஊர் ஊராகத் திரிந்து, காட்டாற்றின் கரையைப் பிடித்து நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையைச் சேர்ந்தார். எனக்கு என்னவோ அந்த ஓடைக்கரைதான் பெரிதாகத் தெரிகிறது. விடுதலை வரும் என்று எந்த உறுதியும் இல்லாத நாளில், பெயர் தெரியாத இரண்டு பேரால் ஒரு மனிதன் நெஞ்சு நிறைந்து வீடு திரும்பினான். அவன் நிலைமையில் எதுவும் மாறவில்லை. ஆனாலும் அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு சந்தோஷத்தைப் பற்றி யோசிக்கிறவன் இந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கிளிவெட்டியை ஒட்டிய குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11 அன்று பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். 20 ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலையில், குற்றம் சாட்டப்பட்ட இராணுவத்தினர் ஆறு பேரையும் அநுராதபுரம் மேல் நீதிமன்றம் விடுவித்தது. இதையெல்லாம் கடந்தும் இங்கே விதைக்கிறார்கள், பெண் எடுக்கிறார்கள், அம்மன் கோயில் திருவிழாவுக்குப் புதுச்சட்டை தைக்கிறார்கள். “சின்னச் சின்ன விஷயங்களில் மகிழ்ச்சி காணுங்கள்” என்று எவராவது வந்து அறிவுரை சொன்னால் எனக்குக் கோபம் வரும். நீதி கேட்கிறவரின் வாயை அடைக்க அந்தப் பேச்சு உதவக்கூடாது. ஆனால் நீதி வரும்வரை சிரிக்கமாட்டேன் என்று இருந்தவர் எவரையும் நான் இங்கே கண்டதில்லை. கேட்பதையும் சிரிப்பதையும் சேர்த்தே செய்கிறார்கள்.

2006-இல் போர் துரத்திய சம்பூர்ப் பக்கத்துச் சனங்கள் எங்கள் ஊர் முகாமில் வருஷக்கணக்காகத் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு இருந்தார்கள். பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களிலும் இதே பாடு. 2015 ஓகஸ்டில் சம்பூரில் 818 ஏக்கர் காணி விடுபட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில். அதுவரைக்கும் ஒரு தலைமுறை முகாமிலேயே பள்ளிக்கூடம் போய் வளர்ந்தது. அங்கே ஓர் அக்கா பொழுது சாயும் நேரத்தில் பழைய வாரமஞ்சரிகளை உரத்து வாசிப்பா. சுற்றிவர இருந்து கேட்பவர்களில் எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிமாரும் இருந்தார்கள். தொடர்கதையின் அடுத்த பகுதி வந்த தாள் கிடைக்காமல் போனால், ஆச்சிமார் தாங்களே கதையை முடித்துவிடுவார்கள். “அவள் அவனைக் கட்டமாட்டாள் பிள்ளை, எழுதி வைச்சுக்கொள்” என்று ஒரு ஆச்சி அடித்துச் சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது. வாசிப்பு என்றால் தனியே ஒதுங்கிச் செய்யும் காரியம் என்று நினைத்திருந்த எனக்கு, அது பத்துப் பேர் கூடி உண்ணும் சோறாகவும் இருக்கலாம் என்று காட்டியது அந்த முகாம் முற்றம்.

மூதூரில் எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் (1925–2001) இருந்தார் என்பது எங்கள் பகுதிக்குக் கிடைத்த பேறு. அவருடைய ‘தோணி’ சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. பரிசைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. நாங்கள் தினமும் பார்க்கிற கடலும் துறையும் அச்சில் வரத் தகுந்தவை என்று அவர் நம்பினார். அதுவரை என் கையில் கிடைத்த கதைகளில் ஆட்கள் ரயிலில் வந்து இறங்குவார்கள், மெரினாவில் நடப்பார்கள். முதன்முதலாகக் கொட்டியாரக் காற்று அடிக்கிற பக்கங்களைப் புரட்டியபோது, தெரிந்த ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது. அந்தப் பிரதியை இரவல் தந்த மாஸ்டர் திருப்பிக் கேட்கவே இல்லை. “நீ வாசிச்சு முடிச்சால் இன்னொருவனுக்குக் குடு” என்றார். அவ்வளவுதான் நிபந்தனை.

வாசிப்பிலிருந்து பயணங்களுக்கு வருகிறேன். இன்றைக்குத் திருகோணமலைக்குப் போவது லேசு. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தது. உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்கள் 2011-இல் வந்தன. அதற்கு முன் ஒவ்வொரு துறையிலும் ‘பாதை’ என்கிற மிதவைப் படகு வரும்வரை நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மூதூரில் லோஞ்ச் ஏறிக் குடாவைக் கடக்க வேண்டும். அந்தக் காலம் திரும்பி வரட்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைப்பேற்று வலியோடு பாதைக்குக் காத்திருந்த பெண்களைக் கண்டவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆனால் கூட்டாளிகளோடு நின்ற அந்த நேரங்களில்தான் நாங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டோம். எவன் தன் பணிஸைப் பிய்த்துக் கொடுப்பான், எவன் வயதாளியின் மூட்டையைக் கேட்காமலே தூக்குவான், எவன் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனுக்காகத் தானும் நின்றுவிடுவான் என்பதெல்லாம் பாதையடியில் தெரிந்துவிடும். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் மாறி மாறி வாளி விட்டு அள்ளி ஊற்றிக் குளித்து, கோணேசர் மலையில் கடலைப் பார்த்து, கையில் காசு தீர்ந்து திரும்பிய நாட்களில் நான் கண்ட இடங்கள் மங்கிவிட்டன. கூட வந்த முகங்கள் மங்கவில்லை.

பாலம் வந்தபிறகு பயணம் குறுகிவிட்டது, காத்திருப்பு போய்விட்டது. ஆகவே நேரத்தை நாங்களாக ஒதுக்கவேண்டியிருக்கிறது. இப்போது எங்கள் கூட்டம் வெருகலுக்கு ஒரே மூச்சில் போகாது. சேருநுவரயில் இறங்கித் தயிர் வாங்குவோம். விற்கிற சிங்கள அம்மா எங்கள் அரைகுறைச் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டு, தன் அரைகுறைத் தமிழில் பதில் சொல்வா. திரும்பும்போது தோப்பூரில் ஒரு முஸ்லிம் கூட்டாளி வீட்டில் தேத்தண்ணி. பெருநாள் சமயமானால் வட்டிலப்பமும் உண்டு. இந்தப் பிரதேசத்தில் மூன்று சமூகங்களும் ஒன்றுக்கொன்று பயந்து கதவைச் சாத்திய காலங்களை நான் கண்டிருக்கிறேன். அதனால்தான் ஒரு கோப்பைத் தேத்தண்ணியைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கதிர்காம யாத்திரிகர் வடக்கே செல்வச்சந்நிதியில் தொடங்கி, வாரக்கணக்கில் நடந்து எங்கள் பக்கமாக வருவார்கள். மோர் கரைத்து வைப்பதும் கால் நனைக்கத் தண்ணீர் வைப்பதும் ஊர் வழக்கம். ஒருமுறை வல்வெட்டித்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, எங்கள் திண்ணையில் இருந்து காலைத் தேய்த்துக்கொண்டே, “வெருகலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?” என்று கேட்டா. பக்கத்து வீட்டுப் பையன் பதில் சொல்லாமல் உள்ளே போய், சாரத்தை மாற்றி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான். “பையைத் தாங்கோ அம்மா, வெருகல் மட்டும் நானும் வாறன்.” அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர், அவன் போகிறான் என்பதற்காகவே, பின்னால் ஓடினார்கள். தாய்க்கு விஷயம் தெரிந்தது அவர்கள் பாதி வழி போனபிறகு, போனில்தான். அவ கேட்டது ஒன்றே ஒன்று: “அந்த அம்மா சாப்பிட்டவவோ?”