அயல்வீட்டுத் துணி

ஒரே வளவுக்குள் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து குடியிருக்கும்போது மனஸ்தாபம் உண்டாவதற்குப் பெரிய விவகாரம் எதுவும் வேண்டியதில்லை. கிணற்று வாளி, ஆட்டுரல், துணி காயப்போடும் கொடி என்று முன்னாளில் இருந்த வரிசையில் இன்று வாஷிங் மெஷினும் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் வாசுதேவநல்லூரில், மேற்கே மலையும் ஊருக்குள் சிந்தாமணிநாதர் கோயிலும் இருந்தபடியே இருக்க, பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாய் மாடிவீடுகளாகி, கீழே சொந்தக்காரரும் மேலே வாடகைக்காரருமாக வாழ்கிற ஏற்பாடு சகஜமாகிவிட்டது. மெஷினுக்குக் குழாயும் கழிவுநீர் போக வழியும் சேர்ந்த இடம் வேண்டுமாதலால், அது பெரும்பாலும் எல்லோரும் நடமாடுகிற புறவாசலிலோ மாடிப்படிக்கு அடியிலோதான் வந்து நிற்கிறது. பொருள் ஒருவருடையது, அது நிற்கும் இடமோ பலர் புழங்குவது என்கிற இந்த நிலையிலிருந்துதான், அயலார் நம் மெஷினில் துணி போடாதபடி செய்வது எப்படி என்னும் கேள்வி பிறக்கிறது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும், உடைமைக்கும் தாட்சண்யத்துக்கும் நடுவே மனிதன் எப்படி நடந்துகொள்வது என்கிற பழைய தர்மசங்கடம் இதற்குள் முழுசாக அடங்கிக் கிடக்கிறது.

இந்த விவகாரம் ஆரம்பிப்பது அநேகமாக ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான். நம் பக்கத்து வீடுகளில் அதிகம் காணப்படுவது இரண்டு தொட்டி உள்ள மெஷின். ஒன்று துவைக்க, மற்றது பிழிய. வெயில் இருக்கிற மாதங்களில் கல்லில் அடித்துத் துவைப்பவர்களுக்கு அந்த இரண்டாவது தொட்டியைப் பற்றி யாதொரு சிந்தனையும் இராது. மழை பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துச் சட்டை மூன்றாம் நாளும் ஈரவாடை வீசத் தொடங்கியதும், “மதினி, ஒண்ணும் காய மாட்டேங்கு, ஒரு சுத்து மட்டும் சுத்தி எடுத்துக்கிடுதேன்” என்று ஒருவர் வாளியோடு வந்து நிற்பார். நியாயமான வேண்டுகோள், மறுப்பதற்கு மனம் வராது. பிழிவதற்கு வந்த துணி அடுத்த வாரம் அலசுவதற்கும் வரும். அதற்கடுத்த வாரம் துவைப்பதற்கே வரும். மழை விட்ட பிறகும் வருகை நிற்காது. கேட்பது மெல்ல மெல்லச் சொல்லிவிட்டுப் போவதாகி, சொல்லிவிட்டுப் போவதும் கழிந்து, ஒருநாள் நாம் நம் துணியைக் கொண்டுபோகும்போது தொட்டிக்குள் வேறு யாருடைய போர்வையோ நுரையில் ஊறிக்கொண்டிருக்கும். நூல்பிசிறு சேருகிற வலைப்பையை உருவிப் பார்த்தால், நம் வீட்டில் யாரும் உடுத்தாத சிவப்பு நிறப் பிசிறும், வளைந்த ஊக்கு ஒன்றும், கரைந்துபோன பஸ் டிக்கெட்டின் கூழும் கிடைக்கும்.

இதனால் ஏற்படுகிற நஷ்டம்தான் என்ன என்று கணக்குப் பார்க்கலாம். வெந்நீர் போடாத மெஷின் ஒரு தடவை துவைக்கக் கால் யூனிட் அளவுக்கு மின்சாரம் செலவானாலே அதிகம்; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து முதல் 100 யூனிட்டை இலவசமாகவே விட்டுக்கொடுக்கிற மாநிலத்தில் அதற்காக மனம் கசந்துகொள்வது அவ்வளவு அழகில்லை. தண்ணீர் விஷயம் அப்படியன்று. இரண்டு தடவை அலசி முடிப்பதற்குள் ஏறக்குறைய 100 லிட்டர் போய்விடும். கோடையில் மாடித்தொட்டி காலியாகி, அடுத்த முறைத் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டில் அது சிறு அளவல்ல. மெஷினின் தேய்மானமும் உண்டு. பெல்ட் அறுந்தால் மாற்றுவதற்குக் கூப்பிடுகிறபோது அயலார் யாரும் முன்வருவதில்லை. ஆயினும் உண்மையாக மனத்தைச் சுடுவது இவற்றில் எதுவுமன்று. தன் வீட்டுப் பொருளுக்குத் தானே வரிசையில் நிற்க நேர்ந்ததும், அப்படி நிற்கிறோம் என்பதை எதிரில் இருப்பவர் கவனிக்கவே இல்லை என்பதும்தான் சுடுகிறது.

இந்த வருத்தத்தை நேரில் சொல்வதற்கு நமக்குத் துணிவு வருவதில்லை. தாட்சண்யம் வாயைக் கட்டிவிடுகிறது. வாயால் சொல்லாததைக் கை செய்யத் தொடங்குகிறது. பிளக்கைப் பிடுங்கி மறைத்து வைப்பது, குழாயின் திருகை அடைத்துவிட்டு ஒன்றும் அறியாதவர்போல் இருப்பது, நன்றாக ஓடுகிற மெஷினை ரிப்பேர் என்று சொல்லிவிட்டு இரவில் சத்தம் வராமல் துணி போடுவது, கடைசியில் மூடியின்மேல் சங்கிலி சுற்றிப் பூட்டுவது என்று உபாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். இவற்றில் ஒன்றாவது அயலாருக்கு விளங்காமல் போகாது. விளங்கியதை அவர்களும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆகவே, முகம் பார்த்து ஒருநாள் சொல்லியிருந்தால் ஒருநாள் சங்கோசத்தோடு தீர்ந்திருக்கக்கூடிய காரியம், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள் வருஷக்கணக்கில் முகம் திருப்பிக்கொள்கிற பகையாக முதிர்ந்துவிடுகிறது.

இவ்விஷயத்தில் நம் பெரியவர்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்பதற்கு வீட்டுப் பத்திரங்களே சாட்சி. பொதுச்சுவருக்கும் பொதுக்கிணற்றுக்கும் உட்பட்ட பழைய கிரயப் பத்திரங்களில், நடந்துபோகும் பாத்தியம் இன்னாருக்கு, நீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியம் இன்னாருக்கு என்று பிரித்து எழுதியிருப்பார்கள். 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டமும் இந்தப் பேதத்தைத்தான் நுட்பமாக வகுக்கிறது. ஒருவர் பிறருடைய நிலத்தில் வழியையோ நீரையோ பகிரங்கமாகவும் தடையில்லாமலும் தமக்குரியதாகவே பாவித்து 20 வருஷம் அனுபவித்தால் அது பாத்தியமாக நிலைத்துவிடும். சொந்தக்காரரின் அனுமதி பெற்று அனுபவித்தாலோ, எத்தனை வருஷம் சென்றாலும் அது அனுமதியாகவே நிற்கும், சில விலக்குகள் நீங்கலாக அதைத் திரும்பப் பெறவும் செய்யலாம். அச்சட்டம் அசையாச் சொத்துக்கு உரியது. புறவாசலில் நிற்கிற மெஷினுக்கு நேரே பொருந்தாது. ஆனால் அதற்குள் இருக்கிற மனித சுபாவ ஞானம் பொருந்தும். கேட்டுவிட்டு எடுக்கிறவர், கேட்கிற ஒவ்வொரு தடவையும் நம் உடைமையை நமக்கே உறுதிப்படுத்துகிறார். அவரால் நமக்கு நஷ்டமில்லை. கேட்பதை நிறுத்திவிட்டவரே உபத்திரவம். ஆகவே நாம் காக்கவேண்டியது மெஷினைக் காட்டிலும் அந்தக் கேள்வியை.

இங்கே நிறுத்திக்கொண்டால் உடைமைக்காரனுக்குச் சாதகமான தீர்ப்போடு கட்டுரை முடிந்துவிடும். ஆனால் நம் ஜில்லாவின் சரித்திரம் அவ்வளவு எளிதாக முடிக்க விடுவதில்லை. துணியையும் தண்ணீரையும் வைத்து மனிதரை மனிதர் தள்ளிவைத்த கொடுமை இந்த மண்ணில் நடந்தது. தாழ்த்தப்பட்டவர்களின் துணியை வெளுத்த புதிரை வண்ணார், பகலில் கண்ணில் படுவதே தீட்டு என்று கருதப்பட்டு, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையிலேயே தொழில் செய்ய நேர்ந்ததென்று, அந்நாளைய திருநெல்வேலி ஜில்லாவைக் குறித்து 1932 டிசம்பரில் ‘தி ஹிந்து’ பத்திரிகை செய்தி வெளியிட்டது. ஊராருக்குச் சுத்தம் செய்து கொடுத்தவர்களை அசுத்தம் என்று ஒதுக்கிய விபரீதம் அது. அதன் பிறகு, 1934-இல் ஹரிஜன யாத்திரையாகக் குற்றாலத்துக்கு வந்த காந்திஜி, ஹரிஜனங்களுக்கு அருவியில் இடமில்லை என்று அறிந்து தாமும் நீராட மறுத்தார். கிணறு, குளம், ஸ்நான கட்டம் முதலிய பொது இடங்களில் ஜாதி முதலியவற்றைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆவது ஷரத்து விதித்தது அதற்கெல்லாம் பிறகு. ஆனால் அந்த ஷரத்து சொல்வது பொது இடங்களைத்தான். என் வீட்டு மெஷினில் யார் துணி போடலாம் என்பதை விசாரிக்க என் மனச்சாட்சியைத் தவிர வேறு நீதிபதி இல்லை. மாடியில் குடியிருக்கும் இருவரில் ஒருவர் துணிக்கு இடம் கொடுத்து, இன்னொருவர் துணிக்கு மட்டும் மெஷின் ரிப்பேராகிவிடுமானால், மூடியின்மேல் தொங்குவது புதிய பூட்டானாலும் அதற்குள் இருப்பது பழைய தீட்டுத்தான்.

நல்ல தடைக்கும் கெட்ட தடைக்கும் உள்ள வேற்றுமையை அதே குற்றாலம் இன்று காட்டித் தருகிறது. அருவிகளில் சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் உபயோகிக்கலாகாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. அந்தத் தடை செய்கையைப் பற்றியது. எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறவர் ஜமீன்தாரரானாலும் கூலிக்காரரானாலும் ஒன்றே. முன்னாளைய தடையோ ஆளைப் பற்றியது. அவர் எவ்வளவு ஒழுங்காக நீராடினாலும் ஒன்றே. ஆளை விட்டுச் செய்கையை மட்டும் கட்டுப்படுத்துகிற ஏற்பாடு துணி துவைப்பதிலும் உண்டு. ஸ்வீடன் தேசத்தில் பல குடும்பங்கள் வசிக்கிற கட்டடங்களில் பொதுச் சலவை அறை வைக்கும் வழக்கம் 1920-களிலிருந்தே பரவியது. அங்கே சுவரில் நாட்களும் மணிகளும் குறித்த பலகை ஒன்று இருக்கும், ஒவ்வொரு வீட்டாரும் தமக்குரிய சிறு பூட்டைத் தாம் துவைக்கப்போகிற நேரத்துக்கு நேரே மாட்டிவிடுவார்கள். மெஷின் எல்லோருக்கும் திறந்தே இருக்க, பூட்டப்படுவது நேரம் மட்டுமே. அப்படியும் அந்த அறைகளில் சண்டை இல்லாமலில்லை. ஆனால் சண்டை, பஞ்சுப்பிசிறைத் துடைக்காமல் போனது யார், நேரம் கடந்தும் நின்றது யார் என்பதைப் பற்றியது. ‘இவர் யார்?’ என்று தொடங்குகிற சண்டையைவிட ‘இது ஏன் இப்படி?’ என்று தொடங்குகிற சண்டை எவ்வளவோ ஆரோக்கியமானது.

ஆகையால் அயலாரைத் தடுக்க நினைக்கிறவர் முதலில் தம் விதியை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். ‘பிழிவதற்கு மட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல், பிசிறை எடுத்துப் போட்டுவிட வேண்டும்’ என்று சொன்னால் அது கேட்க விதியாக இருக்கிறது. ‘யாரும் தொடவேண்டாம், எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது’ என்று சொன்னாலும் அது விதியே. அதற்கும் அவருக்குப் பூரண உரிமை உண்டு, அதை ஏளனம் செய்கிற அயலார்தாம் நியாயம் தவறியவர். எந்த விதியானாலும் பரீட்சை ஒன்றுதான்: தங்கை திருவேங்கடத்திலிருந்து ஒரு மூட்டைத் துணியோடு வந்து இறங்கினாலும் அதையே அவளிடமும் சொல்ல முடியுமா? முடியுமானால் தாராளமாகச் சொல்லிவிடலாம். கேட்டவருக்கு முதலில் முகம் சுருங்கினாலும், தமக்கென்று தனியாக ஒன்று செய்யப்படவில்லை என்பது அவருக்கு விளங்கிவிடும். தங்கைக்கு ஒரு விதி, மாடிவீட்டாருக்கு ஒரு விதி என்றால், சங்கிலி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், அந்த இரண்டாவது விதி தமக்குள் எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.