முதலாம் ஆண்டு மாணாக்கரும் ஆசிரியர் கடனும்

பாடசாலையிலே பதின்மூன்றாண்டு பயின்று, உயர்தரப் பரீட்சையில் மேலான சித்தியெய்தி, உற்றாரும் ஊராரும் மெச்சப் பல்கலைக்கழகம் புகுந்த மாணாக்கன் ஒருவன், முதலாம் ஆண்டிறுதியில் இரண்டொரு பாடங்களிலே தவறிவிட்டான் எனக் கேட்குமிடத்து நாம் வியப்புறுகின்றோம். சிலர் அவனது ஊக்கக் குறைவைக் காரணமாகக் கூறுவர். சிலர் தீய நட்பைக் கூறுவர். சிலர் ஊழ் என்பர். இவை ஓரோவழி உண்மையாதலுங் கூடும். ஆயினும், அவனைப் பயிற்றி அனுப்பிய பாடசாலையைப் பற்றி ஒருவரும் வினவுவதில்லை. ஒருவனுக்குச் செய்யும் உதவி எவ்வெல்லைவரை உதவியாகும்? எவ்வெல்லையைக் கடந்தவழி அதுவே கேடாய் முடியும்? இவ்வினா கல்விமுறை பற்றியது மாத்திரமன்று, அறம் பற்றியதுமாம். ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், மாணாக்கன் புகும் இடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இலங்கையில் 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றிய காலத்து உயர்கல்வி மிகச் சிலர்க்கே உரியதாயிருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி வளவிலே 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பெற்று, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அண்மை ஆண்டுகளில் நாட்டின் அரசினர் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டொன்றில் 40,000 இற்கு மேற்பட்டோர் தெரியப்படுகின்றனர். அவருட் பலர் தத்தங் குடும்பத்தில் முதன்முதற் பல்கலைக்கழகம் புகுவோர். அவர்க்கு வழிசொல்ல வீட்டில் ஒருவருமிலர்.

பாடசாலையில் மணி அடிக்கும், பாடம் மாறும், குறிப்புச் சொல்லப்படும், எழுதிய கொப்பி பார்க்கப்படும். மாலையிலே தனியார் கல்வி நிலையத்தில் மற்றொருவர் அதனையே சுருக்கி, வரக்கூடிய வினாக்களையும் அவற்றின் விடைகளையும் வகுத்துக் கொடுப்பர். பல்கலைக்கழகத்திலோ விரிவுரையாளர் ஒரு மணி நேரம் உரைத்துச் செல்வர். எஞ்சியதை நூலகத்தில் தேடிக்கொள்ளுதல் மாணாக்கன் கடன். மருத்துவம், பொறியியல் முதலிய பீடங்களிலே, அதுகாறுந் தமிழிற் கற்றவன் ஆங்கிலத்திற் கேட்டு ஆங்கிலத்தில் எழுதல் வேண்டும். கேட்டதிற் பாதி விளங்காதபோதும் எழுந்து வினாவ அவன் நாணுகின்றான். மற்றெல்லாரும் விளங்கிக்கொண்டனர் எனக் கருதி வாளா இருக்கின்றான். மற்றவரும் அவனைப் பற்றி அவ்வாறே கருதி இருக்கின்றனர் என்பதை அறியான்.

இம்மாற்றத்தை ஏற்கவல்லான் யாவன்? நன்னூலார் மாணாக்கரை மூவகைப்படுத்தி, அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கர்க்கும், மண்ணையுங் கிளியையும் இடைமாணாக்கர்க்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றைக் கடைமாணாக்கர்க்கும் உவமையாக்கினர். கிளி கற்பித்த சொல்லைப் பிழையின்றிச் சொல்லும், கற்பியாததைச் சொல்லாது. நிலம் உழவனது முயற்சியின் அளவே விளைவு தரும். முயற்சி நின்றால் விளைவும் நிற்கும். பசுவோ புல்லுள்ள இடத்தைத் தானே தேடி மேய்ந்து, பின் ஓரிடத்திருந்து அசைபோடும். அன்னம் நீரை நீக்கிப் பாலைக் கொள்ளும். கிளியும் நிலமும் பரீட்சையிலே சிறந்த புள்ளி பெறுதல் கூடும். கற்பிப்போரும் உழுவோரும் அருகில் உளராதலின். அவர் அகன்ற முதலாம் ஆண்டிலேதான் கிளிக்கும் பசுவுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும். ஆகவே, உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு பிறர் துணையோடு ஒருவன் எய்தியதைக் காட்டும். தனித்து எய்தவல்லதை அது முழுதுங் காட்டாது.

இனி, மனப்பாங்கைப் பற்றிக் கூறுவாம். பல்கலைக்கழக மாணாக்கரது பெறுபேற்றோடு இயைபுடைய உளக் காரணங்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் திரட்டி, 2012 இல் மிசெல் றிச்சாட்சன் முதலிய ஆய்வாளர் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டனர். அதிலே, இப்பாடத்தில் யான் நன்கு செய்யவல்லேன் என்னும் நம்பிக்கை பெறுபேற்றோடு மிக நெருங்கிய தொடர்புடையதாய்க் காணப்பட்டது. தொடர்பு காரணமாகாமையும் உண்டு. நன்கு செய்தவனுக்கே அந்நம்பிக்கை வளரும் எனவுங் கூறலாம். அங்ஙனமாயினும் நமக்கு ஓருண்மை தெளிவாகின்றது. அந்நம்பிக்கை புகழுரையாற் பிறப்பதன்று. அரிய கணக்கொன்றை ஒருவருடைய துணையுமின்றி நெடுநேரம் முயன்று முடித்த பிள்ளைக்கே அது பிறக்கும். விடையை முந்திக் கொடுக்கும் ஆசிரியர், விடையைக் கொடுத்து அந்நம்பிக்கையை வாங்கிக்கொள்கின்றார்.

இவ்விடத்து ஒரு தடை நிகழும்; அது புறக்கணிக்கத் தக்கதன்று. ஆசிரியர் கூறுவர்: “பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமையாலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. இசட் புள்ளி நான்கு தசமதானம் வரை கணிக்கப்படுகின்றது. அதன் கடைசி இலக்கத்திலே ஓர் ஏழைப் பிள்ளையின் வாழ்வு தங்கியிருக்கும்போது, அவனைத் தனித்துத் தடுமாற விடுவது அறமா? முதலில் வாயிலைக் கடக்கட்டும். பின்னர் நடக்கப் பழகட்டும்.”

இக்கூற்றில் அன்பு உண்டு, உண்மையும் உண்டு. வாயிலைக் கடவாதவனுக்கு முதலாம் ஆண்டே இல்லை. ஆயினும் புள்ளியும் தன்முயற்சியும் ஒன்றுக்கொன்று பகை எனக் கொள்ளுதல் தவறு. 2006 இல் அமெரிக்காவிலே றோடிகர், கார்ப்பிக்கே என்னும் இருவர் ஒரு சோதனை நடத்தினர். மாணாக்கருட் சிலர் ஒரு பகுதியை மீண்டும் வாசித்தனர். வேறு சிலர் அதனை மூடிவைத்து, நினைவிலுள்ளதை எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தோரே முந்தினர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோது மூடிவைத்து எழுதினோர் முந்தினர். மூடிவைத்து எழுதும்போது உண்டாகும் தடுமாற்றம் வீண்போவதன்று என்பது இதனாற் பெறப்படும். எனவே பரீட்சைக்கும் முதலாம் ஆண்டுக்கும் வெவ்வேறு வழிகள் வேண்டா. இரண்டிற்கும் உதவும் வழி ஒன்றுண்டு. அதில் ஆசிரியர்க்குப் பொறுமை மிகுதியும் வேண்டும்.

மற்றொன்றுங் கூறுதல் கடன். முதலாம் ஆண்டு மாணாக்கரை வருத்துங் கொடுமைகளுள் பகிடிவதை ஒன்று. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியும் அது முற்றாய் ஒழிந்திலது. அதன் பழி துன்புறுத்துவோரதே. துன்புற்றோர்மேல் அணுவளவும் பழியில்லை. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. மூத்தோர் சொல்லைக் காரணங் கேளாது ஏற்றலே பணிவு எனப் பழக்கப்பட்ட பிள்ளை, தகாத ஏவலை எதிர்ப்பட்டபோது மறுக்கும் வலியை எங்கிருந்து பெறுவான்? அடுத்த ஆண்டிலே தான் மூத்தவனாயினபோது, பெற்ற கொடுமையைப் பிறர்க்குச் செய்யாதிருக்கும் அறிவை எங்ஙனம் பெறுவான்? வகுப்பறையில் ஐயம் வினாவப் பழகிய நாவே வெளியிலும் நியாயம் வினாவும்.

ஆயின் ஆசிரியர் செய்யத்தக்கது யாது? துணையை ஒருநாளில் அறுத்தெறிதல் அன்று, அது கைவிடுதலாம். உயர்தர வகுப்பின் இரண்டாண்டுகளிலும் துணையைப் படிப்படியாய்க் குறைத்தலே முறை. வாரத்தில் ஒரு பாடத்தையேனும் குறிப்புச் சொல்லாது, நூலின் பகுதியைக் காட்டி மாணாக்கரே குறிப்பெழுதச் செய்க. அதனைத் திருத்துமுன், விளங்காத ஓரிடத்தை வினாவாக்கிக் கொண்டுவரச் சொல்க. வினாவோடு வந்தவனை நகையாதொழிக. ஆங்கிலக் கலைச்சொற்களைத் தமிழ்ச் சொற்களோடு அருகருகே எழுதிப் பழக்குக. ஆசிரியர் சொற்கேட்டு ஒருவன் பெறுவது புலமையிற் காற்பங்கே என்றும், உடன்பயில்வோரோடு பழகி ஒரு காற்பங்கும், பிறர்க்கு விரித்துரைத்து ஏனை அரைப்பங்கும் பெறுவன் என்றும் நன்னூலார் கணக்கிட்டனர். மாணாக்கன் ஒருவனை எழுப்பி மற்றவர்க்கு விளக்கச் செய்யும் ஆசிரியர், அவ்வரைப்பங்கிற்கு வாயில் திறந்தவராவர்.

இவற்றால் ஆசிரியர்க்கு உடனே புகழ் வாராது. மாணாக்கர் சிலர் முதலில் வெறுப்பர். பெற்றோர் முறையிடவுங் கூடும். ஆசிரியரது உழைப்பின் பயன் அவர் காணாத நூலகம் ஒன்றிலே, அவர் காணாத ஓரிரவிலே, ஒரு மாணாக்கன் விளங்காத பக்கத்தை மூடிவிட்டு எழுந்து போகாது மறுபடியும் முதலிலிருந்து படிக்குங்கால் விளையும். அவன் அப்பொழுது ஆசிரியரை நினையாமலும் இருக்கலாம். நினைக்க வேண்டாதபடி அவனை ஆக்கியதே அவர் செய்த உதவியாம்.